ஒரு நாள் சைக்கிள் பந்தயம்: புனேயில் தொடங்கி ரூபே வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனே கிராண்ட் டூர் நடந்தது. ஒரு குட்டி முன்னோட்டச் சுற்று, பிறகு நான்கு கட்டங்கள், மொத்தம் 437 கி.மீ. வெளிநாட்டு அணிகள் வந்தன. அதற்காகவே புனே மாவட்டத்தின் பல சாலைகள் புதுத் தார் கண்டன. பந்தயத்தைத் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பலருக்கும் ஒரே ஆசை: நாமும் ஓட்டலாமா? எங்கே ஆரம்பிப்பது?

பல நாள் பந்தயத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஒரு நாள் பந்தயத்திலிருந்து தொடங்குவோம். ஞாயிறு காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட வேண்டாம். இந்த வகைப் பந்தயத்துக்குத் தாய்வீடு பிரான்ஸ் என்றாலும், நம் ஊர் மலைப்பாதையிலேயே அதற்கு ஒரு பழைய மரபு இருக்கிறது.

ஒரு நாள் பந்தயம் என்றால் என்ன?

காலையில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். முடிவுக்கோட்டை முதலில் தாண்டுபவர் வென்றவர். அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் கணக்கெல்லாம் இல்லை. இன்று விட்டதை நாளைக்குப் பிடித்துக்கொள்ள வழியில்லை என்பதால், பலம் குறைந்தவர்களும் துணிந்து முன்னால் பாய்வார்கள். பார்க்கச் சுவாரஸ்யம் அதனால்தான்.

சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு குறியீடு தருகிறது. முதல் எண் 1 என்றால் ஒரு நாள், 2 என்றால் பல நாள். புள்ளிக்குப் பின்னால் வருவது தரம்: 'யூ.டபிள்யூ.டி' உச்சம், அடுத்து 'ப்ரோ', அதற்கடுத்து 1, பிறகு 2. புனே கிராண்ட் டூர் 2.2. அதாவது பல நாள், ஆரம்பத் தரம். இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் எந்த நாட்டு அட்டவணையும் நமக்குப் புரிந்துவிடும்.

ஆண்டை எப்படிப் பங்கிடுவது?

பிரெஞ்சுப் பந்தயப் பருவம் ஜனவரிக் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. புனேயில் ஓட்டுவதற்கு நல்ல மாதங்கள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளைச் சுவரில் மாட்டும்போது நாம் எடுக்கிறோம். நம்மை வெயிலும் மழையும் வீட்டுக்குள் தள்ளும்போது அவர்கள் ஓட்டுகிறார்கள். குளிர்காலக் காலைகளில் ஓட்டுவோம், மற்ற மாதங்களில் சாயங்காலம் பார்ப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த விளையாட்டு பிடிபடும். ஓட்டாதவருக்குத் திரையில் தெரியும் கூட்டம் வெறும் வண்ணப் பட்டை. பார்க்காதவருக்கோ, சாலையில் எப்போது காலை அழுத்துவது, எப்போது விடுவது என்று தெரியாது.

சைக்கிள் வாங்க ஏற்ற நேரம் செப்டம்பர் கடைசி. மழை ஓயத் தொடங்கியிருக்கும், முழுக் குளிர்காலமும் முன்னால் இருக்கும்.

என்ன சைக்கிள், எவ்வளவு?

வளைந்த ஹேண்டில் உள்ள ரோடு பைக்தான் வேண்டும். கையில் ஏற்கெனவே ஹைப்ரிட் இருந்தால் முதல் இரண்டு மாதம் அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆசை நிலைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

விலையைப் பெரும்பாலும் கியர் தொகுதிதான் தீர்மானிக்கிறது. மிக அடிப்படையான ரோடு பைக் சுமார் 25,000 – 35,000 ரூபாய். ஷிமானோ கிளாரிஸ் கியர் உள்ளது 45,000 – 60,000. சோரா என்றால் 65,000-க்கு மேல். 105 என்ற வரிசைக்குப் போனால் லட்சத்தைத் தாண்டும். முதல் பந்தயத்துக்குக் கிளாரிஸ் தாராளமாகப் போதும். கடைக்காரர் கார்பன் ஃபிரேமைக் காட்டுவார். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அரை கிலோ எடை குறைக்க அரை லட்சம் கொடுப்பதைவிட, நம் வயிற்றில் இரண்டு கிலோ குறைப்பது மலிவு.

கடையில் மூன்று விஷயங்களை மட்டும் விடாமல் கேட்போம். ஒன்று, அளவு. உயரத்துக்குப் பொருந்தாத ஃபிரேமை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு, பல் எண்ணிக்கை. முன்னால் 50–34, பின்னால் பெரிய பல் 32 அல்லது 34 இருக்கட்டும். புனேயில் எந்தப் பக்கம் போனாலும் மலைப்பாதை வரும். பின்பல் சிறியதாக இருந்தால் பாதி மலையில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மூன்று, டயர். குறைந்தது 28 மி.மீ. அகலம். பிரான்ஸின் கல்பாதைப் பந்தயமான பாரிஸ்–ரூபேயில் ஓட்டுபவர்களே இன்று 30, 32 மி.மீ. டயர் போடுகிறார்கள், நம் ஊர்ச் சாலைக்கு ஒல்லி டயர் எதற்கு?

சைக்கிளோடு செலவு முடிவதில்லை. ஹெல்மெட் 1,500 – 3,000. பஞ்சு வைத்த பிப் ஷார்ட்ஸும் ஜெர்சியும் சேர்த்து சுமார் 3,000. இதில் கஞ்சத்தனம் செய்தால் உட்காரும் இடம் பழிவாங்கும். முன் பின் விளக்குகள் 1,000 – 1,500. இரண்டு டியூப், டயர் லீவர், சின்ன பம்ப், அல்லன் கீ தொகுதி எல்லாம் சேர்ந்து 2,000. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவும் அதற்கான பெடலும் 7,000 – 10,000 ஆகும். அவசரமில்லை, மூன்றாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, 60,000 – 70,000 ரூபாயில் ஒழுங்காக ஆரம்பித்துவிடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இன்னும் குறையும். ஆனால் ஃபிரேமில் விரிசல் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அடியில், பெடல் தண்டு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் முகம் சுருங்கினால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவோம்.

ஆண்டுப் பராமரிப்புக்கு இரண்டு சர்வீஸ், ஒரு செயின், ஒரு ஜோடி டயர் என்று 8,000 – 10,000 ஒதுக்குவோம்.

எங்கே ஓட்டுவது?

முதல் மாதம் சமதளம் மட்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும்; அதற்குப் பிறகு ஹிஞ்சேவாடி பக்கம் சைக்கிளோடு மாட்டிக்கொள்வது ஒரு தண்டனை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 25 – 30 கி.மீ. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் போதும்.

இரண்டாம் மாதம் சின்ன மலை. தெற்கே இருப்பவர்களுக்குப் பழைய காத்ரஜ் சுரங்கப் பாதைக்கு ஏறும் சாலை. சீரான ஏற்றம், புதியவரை மிரட்டாது. ஹடப்சர் பக்கத்தவர்களுக்கு சாஸ்வட் போகும் வழியில் திவே காட். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் மஸ்தானி ஏரி தெரியும். ஆஷாட ஏகாதசிக்காக ஞானேஸ்வரர் பல்லக்கு பண்டரிபுரம் போவது இந்த வழியாகத்தான். அன்றைக்குச் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்துபோய்ச் சேவிக்கலாம். போப்தேவ் காட் இதைவிடச் செங்குத்து, அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாம் மாதம் சிங்ககட். கோட்டை கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்குச் சற்று மேல். அடிவாரத்திலிருந்து வண்டிப்பாதை எட்டு, ஒன்பது கி.மீ. வளைந்து வளைந்து ஏறுகிறது. நடுவில் மூச்சு விட இடமே தராது. மேலே சுடச்சுட பிட்லா–பாக்ரியும் சின்ன மண்சட்டியில் கெட்டித் தயிரும் கிடைக்கும். ஞாயிறு எட்டு மணிக்கு மேல் கார்கள் வரிசை கட்டிவிடும். இறங்குவதை அதற்குள் முடித்துவிட வேண்டும். இந்த மலையை நிற்காமல் ஏற முடிந்த நாளில் நாம் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தயார்.

கூட்டத்தில் ஓட்டப் பழகுவது எப்படி?

புதியவர்கள் இந்தப் பழக்கத்தைத் தவிர்த்துவிட்டு நேரே பந்தயத்துக்குப் போய் முதல் பத்து கி.மீட்டரிலேயே உதிர்ந்துவிடுகிறார்கள். காற்றுதான் சைக்கிளோட்டியின் முதல் எதிரி. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். பந்தயத்தின் பெருங்கூட்டத்துக்கு பெலோட்டான் என்று பெயர். அதன் நடுவில் இருப்பவர் இன்னும் சுகமாகப் போவார். ஐந்து மணி நேரம் ஒளிந்து, கடைசி ஐந்து நிமிடம் வெளியே வருவதுதான் ஒரு நாள் பந்தயத்தின் பாதி வித்தை.

புனேயில் சனி, ஞாயிறு காலைகளில் சைக்கிள் குழுக்கள் பல கிளம்புகின்றன. ஒன்றில் சேர்ந்து முதல் நாளே சொல்லிவிடுவோம்: "நான் புதுசு, கடைசியில் வருகிறேன்." யாரும் சிரிக்க மாட்டார்கள். நாலு பேருக்குப் பின்னால் வந்து பழகிய பிறகு, மற்றவர்களோடு மாறி மாறி முன்னால் வரலாம். முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டிப் பராக்கிரமம் காட்டக் கூடாது. அதே வேகத்தை அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, பின்னால் பார்த்து, மெல்ல ஓரம் ஒதுங்க வேண்டும்.

பார்வை முன்சக்கரத்தின் மேல் இருக்கக் கூடாது. முன்னவரின் தோளுக்கு மேலே, இரண்டு மூன்று பேருக்கு அப்பால் இருக்க வேண்டும். நம் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

முன்னால் இருப்பவரின் வேலை எச்சரிப்பது. குழி வந்தால் "கட்டா!" என்று மராத்தியில் கத்துவார்கள், கையால் பக்கத்தையும் காட்டுவார்கள். நாமும் அப்படியே கத்த வேண்டும். பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. வெள்ளைக்கோடு போடாத ஸ்பீடு பிரேக்கர்கள் இந்த ஊரில் ஏராளம்.

போர் காட்: நம் ஊர் கிளாசிக்

மும்பை–புனே சைக்கிள் பந்தயம் பல பத்தாண்டுப் பழமை உடையது. சில ஆண்டுகள் விட்டுப்போனாலும் அதன் மவுசு குறையவில்லை. கடற்கரையிலிருந்து கிளம்பி, கொபோலியைத் தாண்டியதும் சாலை சஹ்யாத்ரி மலை மேல் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் போர் காட். அங்கே முதலில் மேலேறுபவருக்கு 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைப்பாதையின் ராஜா என்று பட்டம். பந்தயத்தை வென்றவர் பெயரைவிட ராஜாவின் பெயரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் புனேயில் உண்டு. என் கணக்கில் இது பிரான்ஸில் 'கிளாசிக்' எனப்படும் எந்தப் பழம்பெரும் ஒரு நாள் பந்தயத்துக்கும் குறைந்ததில்லை. தட்டையான சாலையைப் பொறுமையாகக் கடந்து, ஒரே மலையில் எல்லாம் தீர்மானமாவது கிளாசிக் இலக்கணம்தானே!

பந்தய நாள் வரை காத்திருக்க வேண்டாம். காரில் லோனாவாலா போய், அங்கிருந்து பழைய சாலையில் கொபோலிக்கு இறங்கி, திரும்ப ஏறலாம். லோனாவாலா 600 மீட்டருக்கு மேல். கொபோலி கிட்டத்தட்ட கடலோர உயரம். மலை நடுவில் ஷிங்ரோபா சன்னதி வரும். பிரிட்டிஷாருக்கு மலைவழி காட்டியதாகச் சொல்லப்படும் ஆட்டிடையரின் கோயில் அது. அங்கே காசு போடுவதற்காக வண்டிகள் சட்டென்று வேகம் குறைக்கும். இடைவெளி விட்டே போவோம்.

எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. கிளைகள் பிரியும் இடத்தில் பலகையை நின்று படித்துவிட்டுப் போக வேண்டும்.

பந்தயத்தில் சேர்வது எப்படி?

பெயர் கொடுக்கும் முன் ஒரு ப்ரவே ஓட்டிவிடுவது நல்லது. இது பந்தயம் ஆகாது. இடம், பரிசு எதுவும் இல்லை. 200 கி.மீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். புனேயில் இது வாடிக்கையாக நடக்கிறது, சில நூறு ரூபாய் கட்டணம், விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இருக்க வேண்டும். முடித்தவர்களின் பட்டியல் பாரிஸில் இருக்கும் ஔடாக்ஸ் கிளப் பாரிசியன் வரை போய் உறுதியாகி வருகிறது. நாள் முழுக்க எப்போது சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது என்பதை இதைவிட மலிவாகக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்து, அமெச்சூர் பந்தயங்கள். வயதுவாரியாகப் பிரிவுகள் இருக்கும், கட்டணம் பொதுவாக ஆயிரம் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை. குறைந்த தூரப் பிரிவில் சேர்வோம். மாநில, தேசியப் போட்டிகள் என்றால் இந்திய சைக்கிள் சம்மேளனத்தின் கீழ் வரும் மாநிலச் சங்கத்தில் பதிவு வேண்டும். வயதுச் சான்றும் மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும். 17–18 வயது ஜூனியர், 19–22 இருபத்து மூன்றுக்கு உட்பட்டோர், அதற்கு மேல் எலீட். 'அல்ட்ரா' என்ற பெயரில் 600 கி.மீ. போட்டிகளும் புனேயிலிருந்து கிளம்புகின்றன. அது வேறு உலகம், முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பிரெஞ்சுப் பருவத்தை எப்படிப் பின்தொடர்வது?

பாரிஸ்–ரூபே மட்டும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுப் பந்தயம் பார்த்தோம் என்பவர்கள் அதிகம். அதன் கீழே, சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் பந்தயங்களை ஒரே மாலையாகக் கோத்து 1992 முதல் 'கூப் த பிரான்ஸ்' என்ற தொடர் நடக்கிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் முன்வரிசைக்குப் புள்ளிகள்; பருவ முடிவில் கூட்டிப் பார்த்து, தனி வீரர், இளம் வீரர், அணி என்று பரிசு.

கதவைத் திறப்பது மார்செய் நகரைச் சுற்றி ஓடும் கிராண்ட் ப்ரீ லா மார்செயேஸ். மார்ச்சில் வடக்கே தெனான். கல்பாவிய சாலைகள் இருப்பதால் ரூபேக்கு ஒத்திகை மாதிரி. பாலாடைக்கட்டியின் பெயரைச் சுமக்கும் பாரிஸ்–கமாம்பேர் நார்மண்டியில். என் செல்லம் பிரெத்தாஞ் பகுதியின் த்ரோ-ப்ரோ லேயோன். வயல்களுக்கு நடுவே டிராக்டர் போகும் மண்பாதைகளில் ஓட்டுகிறார்கள். பிரெத்தோன் மொழிப் பள்ளிக்கு நிதி திரட்ட 1984-இல் தொடங்கியது. அந்த மண்ணைச் சேர்ந்த வீரர்களில் முதலில் வருபவருக்கு ஓர் உயிருள்ள பன்றிக்குட்டி பரிசு! கோடீஸ்வர வீரர் அதைக் கைக்குழந்தையாக ஏந்திக்கொண்டு நிற்கும் படங்களை அவசியம் பார்க்க வேண்டும். அக்டோபரில் துர் த வாந்தேயோடும் 1896-இல் பிறந்த பாரிஸ்–துரோடும் பிரெஞ்சுப் பருவம் கடை மூடுகிறது.

இந்தத் தொடரில் சேராத பெரிய சாமி ரூபே. அதுவும் 1896-இல் பிறந்ததுதான். ஏப்ரல் ஞாயிறு ஒன்றில் கொம்பியேஞ் ஊரிலிருந்து சுமார் 260 கி.மீ., அதில் 55 கி.மீ. போலக் கரடுமுரடான கல்பாதை. முடிவு ரூபேயின் பழைய வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் ஓடுதளத்தில். கோப்பையே ஒரு சாலைக்கல்தான். 2021 முதல் பெண்களுக்கும் நடக்கிறது.

நேரம் நமக்கு வசதி. கோடை நேரத்தில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்துக்கு முடிவது இங்கே இரவு எட்டரை. கடைசி ஒன்றரை மணி நேரம் பார்த்தால் போதும். ஒளிபரப்பு உரிமை ஆண்டுக்கு ஆண்டு கைமாறுவதால் வருடச் சந்தா கட்டும் முன், அதில் என்னென்ன பந்தயம் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுவோம். வீரர் பட்டியலும் முடிவுகளும் புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் தளத்தில் இலவசம்.

பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். முன்னால் தப்பிப் போனவர்கள் எத்தனை பேர், எவ்வளவு இடைவெளி? பெலோட்டானின் முகப்பில் எந்த அணி உழைக்கிறது? காற்று எந்தப் பக்கமிருந்து? சமதளத்தில் பத்து கி.மீட்டருக்கு ஒரு நிமிட இடைவெளியை பெலோட்டான் பிடித்துவிடும் என்பது பழைய தோராயக் கணக்கு. அது பொய்க்கும் நாள்தான் நல்ல பந்தயம்.

ஜாக்கிரதை

ஏறும்போது கால் வலிக்கும், ஆனால் விழுவது இறங்கும்போதுதான். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடிக்க வேண்டும், வளைவுக்குள் வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு சாலையில் எண்ணெய்ப் படலம் மிதக்கும்; அந்த வாரம் விடுமுறை. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் வேண்டும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டின் வேலையைச் செய்துவிடும்.

ரூபேக்கே போக வேண்டுமென்றால்?

சாலையோரம் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. செலவெல்லாம் போய்ச்சேரத்தான். ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம். மும்பையிலிருந்து பாரிஸ் போய்வர, முன்கூட்டியே எடுத்தால் சுமார் 50,000 – 80,000 ரூபாய். லீல் நகரில் தங்கினால் ரூபேக்கு மெட்ரோ உண்டு. பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பொதுமக்களுக்காக அதே கல்பாதைகளில் பாரிஸ்–ரூபே சேலஞ்ச் நடக்கிறது: 70, 145, 170 கி.மீ. என மூன்று தூரங்கள். முதல் தடவை 70 போதும். விசா விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். ஏப்ரல் பயணத்துக்கு டிசம்பரிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுவோம்.